ஈரத்தில் எவ்வளவு தாங்கும்

கிழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஹர்மாகோஸ்கி ஆலையின் சோதனைக்கூடத்தில்
வெளியே மைனஸ் இருபதானாலும்
உள்ளே எப்போதும் இருபத்துமூன்று டிகிரி,
காற்றில் ஈரம் சரிபாதி.
எங்களுக்காக இல்லை, காகிதத்துக்காக.

எழுதுகிற தாள் எதையும் நாங்கள் செய்வதில்லை.
ஒரு சொல்லும் ஏறாமலே வேலைக்குப் போகிறவை இவை.
ஒன்று, கத்தியையும் ஊசியையும் பொதிந்துகொண்டு
அறுவை அறைக்குப் போகும்.
ஒன்று, ரொட்டிக்கு அடியில் கிடந்து வெந்து
ஒட்டாமல் திரும்பும்.
எனக்குப் பிடித்தது மூன்றாம் இயந்திரத்தின் தாள்.
கொதிநீரில் மூழ்கடித்தாலும்
வயிற்றில் உள்ள தேயிலையைக் காட்டிக்கொடுக்காதது.

சதுர மீட்டருக்குப் பதினேழு கிராம்.
அதில் ஒரு பங்கு பிலிப்பைன்ஸிலிருந்து வருகிற அபாகா நார்,
வாழைக்கு ஒன்றுவிட்ட தம்பி.
கப்பல்களைக் கட்டிப்போட்ட கயிற்றின் வம்சம்.
கடலுக்கே அசையாதது
கோப்பைக்கா கரையும்?

ஏப்ரலில் மூன்றாம் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
ஹில்யாவுக்கு வேலை போனது.
ஜூனில் வைத்த கல்யாணம் போகவில்லை.
கடையில் வெள்ளை உடையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவள்
சவுனாக் கல்லைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

ஓரம் சுருங்கிய கழிவு ரோல் ஒன்று கிடந்தது.
ரௌத்தியோவிடம் கேட்டோம்.
மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி
நெடுநேரம் பனியைப் பார்த்தார்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நூல் வேண்டாம் இந்தத் தாளுக்கு.
உருகும் இழை கலந்திருக்கிறது,
இஸ்திரிப்பெட்டி பட்டால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.
என் சமையலறை மேசையில் ஒன்பது இரவுகள்.
ஓர் அடுக்கென்றால் ஊர் சிரிக்கும், அதனால் நான்கு.
முடித்ததும் தராசில் வைத்தோம்:
நானூற்று எட்டு கிராம்.
அவள் பூனை அதைப்போல் பத்து மடங்கு.

ஏரிக்கரையில் கூடாரம்.
பாதிரியார் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள்
மழை பிடித்துக்கொண்டது.
எல்லாக் கண்ணும் பாவாடை விளிம்பில்.
பின்வரிசையில் யாரோ இருபது யூரோ பந்தயம் கட்டினார்கள்.
தார்மோ தன் கோட்டைக் கழற்றிப் போர்த்த வந்தான்,
அவள் தள்ளிவிட்டாள்.
தாலாட்டவா கூப்பிட்டேன் உன்னை, என்று கத்தினாள்,
கூடாரத்தைவிட்டு வெளியே போய் நின்றாள்.

நான் நொடிகளை எண்ணினேன். பழக்கதோஷம்.
வெள்ளை மங்கியது,
தோளெலும்பு தெரிந்தது,
முழங்காலோடு ஒட்டியது.
கிழியவில்லை.
அறுநூறு வரை எண்ணிவிட்டு
நானும் மழைக்குள் போனேன்.

இருட்டாத அந்த இரவில் மூன்று மணிவரை ஆடினாள்.
யார் மாமாவோ மடியில் காப்பியைக் கொட்டினார்.
காப்பிதான். எங்கள் ஆலையில்
தேநீர் குடிப்பவர் ஒருவரும் கிடையாது.

கடைசியில் கிழித்தது தண்ணீர் இல்லை,
படகில் ஏறும்போது துடுப்பின் கொக்கி.
தொங்கிய துண்டைப் பிய்த்து என்னிடம் வீசினாள்:
"போ, உன் வேலையைப் பார்."

திங்கட்கிழமை பார்த்தேன்.
பதினைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை,
நனைத்து, இரண்டு தாடைகளுக்கு நடுவே மாட்டி, இழு.
மாதிரி எண்: கிடையாது.
முன்வரலாறு: மழை, நடனம், காப்பி, ஒரு சண்டை.

அளவுகோலுக்குப் பதினொரு சதவீதம் கீழே.
வந்த எண்ணைத்தான் எழுதினேன்.
தோளுக்குப் பின்னால் ரௌத்தியோ.
"எந்த ரோல்?"
"மூணாம் இயந்திரம். தேறவில்லை."
"இன்னொரு பட்டை போடு."
"இல்லை. மிச்சமெல்லாம் ஹில்யாவிடம்."

"இன்னுமா வைத்திருக்கிறாள்?"

நேற்று ராத்திரியும் உறைபனி என்றார்கள் வானொலியில்.
தக்காளி நாற்றுக்குப் போர்த்தியிருக்கிறாளாம்,
கைகளை இரண்டு பக்கமும் விரித்து,
காற்றில் பறக்காதிருக்க
நான்கு மூலையிலும் கல் வைத்து.